அடியைத் திருப்பிப் பார்த்து வாங்கிய டோஸ்டர்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ரிது போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். இப்போது சாமான்களை எல்லாம் கம்ப்யூட்டரில் படம் பார்த்தே வாங்குகிறார்களாம். கெஸ்ட் ஹவுஸுக்கு அப்படி ஒரு டோஸ்டர் வந்ததாம், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. துர்கா பூஜைக்கு வந்தது, வங்காளத்தில் தை மாதம் வருகிற சரஸ்வதி பூஜைக்குள் செத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால், ரிப்பேர் எல்லாம் கிடையாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம்.

"ஆன்ட்டி, டோஸ்டர் வாங்கினா எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"அடியைப் பாரு" என்றேன்.

வேலையை விட்டபின் ஆன்ட்டிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் அவளுக்கு ஏதோ மீட்டிங் வந்துவிட்டது. போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். டோஸ்டரைப் பற்றி எல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அணை கட்டினவர்கள், பாலம் கட்டினவர்கள் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எங்களைப் போல டோஸ்டர் வாங்கினவர்களுக்கும் ஒரு முறை வரவேண்டாமா?

நான் கரக்பூரில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும் என்று நான்கு மொழிகளையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, கல்கத்தாவில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பினாயில், பல்பு, பக்கெட் முதல் கெஸ்ட் ஹவுஸ் கட்டில் வரை வாங்கிப் போடுகிற இடம் அது. முதல் சில வருஷங்களில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. மூன்று கடையில் விலை கேட்க வேண்டும். மூன்றில் குறைந்ததை வாங்க வேண்டும். வாங்கின சாமான் வேலை செய்கிறதா என்பது நம் பிரிவின் கவலை இல்லை. இப்படி வாங்கிய நாற்காலிகளில் ஒரு முறை உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இடது பக்கமாகவே சாய்ந்தார்கள். அந்தக் கால வங்காளத்தில் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

பிறகு அருணா-தி எங்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தார். அக்காவையும், மரியாதைக்காக எந்தப் பெண்ணையும் இங்கே தீதி என்பார்கள். பெயரோடு ஒட்டும்போது வெறும் 'தி'. குள்ளமான உருவம், கஞ்சி போட்டு விறைத்த பருத்திப் புடவை, தோளில் ஒரு பெரிய பை. அந்தப் பையில் கைக்குட்டையில் சுற்றிய திருப்புளி ஒன்று எப்போதும் இருக்கும். மற்ற பெண்கள் பையில் பவுடர் டப்பா வைத்திருக்கிற இடத்தில் அவர் அதை வைத்திருந்தார். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைகீழாகத் திருப்பி அடியைத்தான் பார்ப்பார். என் கல்யாண நாளுக்கு யாரோ கொடுத்த பிளாஸ்கைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கொடுத்தவங்களுக்கு உன் மேல என்ன கோபம்?" என்று கேட்டார். அந்த பிளாஸ்க் மறு வாரமே டீயைக் குளிர வைக்க ஆரம்பித்துவிட்டது.

அவரோடு சாந்தினி மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்கப் போவது ஒரு தனி அனுபவம். கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே டீ குடிக்கக் கிளம்புவார்கள். தப்பிக்க முடியாத ஒரு கடைக்காரர் மாட்டிக்கொண்டால் அருணா-தி டோஸ்டர் வாங்குகிற விதம் இப்படி இருக்கும்.

முதலில் டோஸ்டர் கவிழும். அடியில் திருகு இருக்கிறதா, அல்லது தகட்டை மடக்கி ஆணி அடித்து மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். திருகு இருந்தால் மட்டும் போதாது. முக்கோணத் தலையுள்ள ஒரு விசேஷத் திருகு உண்டு. அதைக் கம்பெனிக்காரனும் கடவுளும் மட்டும்தான் கழற்ற முடியும். அதைக் கண்டால் அங்கேயே வைத்துவிடுவார். அடுத்தது துகள் விழுகிற தட்டு. அது இழுத்தால் முழுசாக வெளியே வரவேண்டும். அதற்கடுத்து பையிலிருந்து பாவ்ருட்டி வரும். எங்கள் ஊர் பேக்கரியில் விற்கிற கால் பவுண்டு ரொட்டி அது. மெஷினில் வெட்டி வருவதில்லை. வீட்டில் கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு தடியாகவும் ஒரு துண்டு ஒல்லியாகவும்தான் வரும். தடித் துண்டை டோஸ்டரின் வாயில் வைத்துப் பார்ப்பார். திணறினால் அந்த டோஸ்டர் கல்கத்தாவுக்கு லாயக்கில்லை. மாட்டிக்கொண்ட ரொட்டியை யாராவது முள்கரண்டியால் நோண்டுவார்கள், கம்பி அறுந்துபோகும், சில சமயம் நோண்டினவரும் போவார்.

பிறகு மின்சாரம் இல்லாமலே கைப்பிடியை அமுக்குவார். அது அப்படியே கீழே நிற்க வேண்டும். புது மாடல்களில் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். கரண்ட் வந்தால்தான் பிடித்துக்கொள்ளும், அதோடு ஒட்டிய சின்ன போர்டு போனால் டோஸ்டரே போயிற்று. அருணா-திக்கு வெறும் கொக்கியும் ஸ்பிரிங்கும்தான் பிடிக்கும். கடைசியாகக் கடைக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"இது கெட்டுப்போனா யார் திறப்பாங்க?"

"கெடவே கெடாது தீதி!" என்று கடைக்காரர் மார்தட்டினால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பார். "உள்ளே கம்பி சுத்தின மைக்கா தகடு தனியா கிடைக்கும், நாலு திருகு கழட்டினா மாத்திடலாம்" என்று சொல்லி அந்தத் தகட்டையும் அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கிற கடைக்காரருக்குத்தான் யோகம்.

"கெடாத சாமான்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது கோமதி. கெட்டா திறந்து பாக்க முடியுமா முடியாதா, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார் திரும்பி வரும்போது. நாங்கள் பேசினது வங்காளத்தில். அதை என் தமிழில் தருகிறேன். எனக்கு அப்போது அதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. ஒரு ரொட்டி சுடுகிற பெட்டிக்கு இத்தனை விசாரணையா என்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவேன்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் இருந்தது. சமையல்காரர் பெயர் ஹரிபத. மெதினிப்பூர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் வயதில் பெரியவர், ஆகவே எனக்கு ஹரிபத-தா, அதாவது ஹரிபத அண்ணன். நிரந்தர வேலை இல்லை, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மனைவியோடு குடியிருந்தார். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். நல்ல மனிதர், ஆனால் சாம்பார் மட்டும் வைக்கத் தெரியாது. அவருடைய சாம்பாரில் உருளைக்கிழங்கும் சர்க்கரையும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற அதிகாரிகள் முதல் நாள் அதை வாயில் வைத்துவிட்டு இரண்டாம் நாள் முதல் ரொட்டிக்கு மாறிவிடுவார்கள்.

அப்படி வந்து, திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவர் சங்கரலிங்கம் சார். சென்னை ஆபீஸிலிருந்து நிர்வாகப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெண் பிளஸ் டூ படித்ததால் குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறையில் தனியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஆபீஸில் யாரோடும் தமிழில் பேச மாட்டார். நான் "வணக்கம் சார்" என்றாலும் "குட் மார்னிங்" என்றுதான் பதில் வரும். சிக்கனத்தில் பலே ஆள். இரவில் கெஸ்ட் ஹவுஸில் காஸ் வீணாகிறது என்று சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையைப் பூட்டச் சொல்லி ஓர் உத்தரவு போட்டார். அதன் பிறகு விருந்தினர்களுக்கு என்று வெளியே சாப்பாட்டு அறையில் ஒரு கெட்டிலும் ஒரு டோஸ்டரும் மட்டும்தான் இருந்தன.

அந்த டோஸ்டர்தான் தகராறு செய்தது. ஒன்று போயிற்று. குறைந்த விலையில் இன்னொன்று வாங்கினோம். அதுவும் போயிற்று. இரண்டும் தகடு மடக்கி மூடிய ஜாதி. திறக்க வழியில்லாததால் என்ன கோளாறு என்றே தெரியாமல் குப்பைக்குப் போயின. சங்கரலிங்கம் சார் எங்களைக் கூப்பிட்டார்.

"டோஸ்டர் ஒருத்தர் கையிலேயே அடுத்தடுத்துச் சாகுதுன்னா, தப்பு டோஸ்டர்ல இல்லை" என்றார் இங்கிலீஷில். "அந்த சமையல்காரன் அதை ஒழுங்கா உபயோகிக்கலை. கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டாம்னு பாக்கறேன்."

அருணா-தி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் எதிராளி கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. "குறைஞ்ச விலையிலதான் வாங்கணும்னு சொன்னீங்க, வாங்கினோம். இந்தத் தடவை நான் பொறுக்கறதை வாங்க விடுங்க" என்றார்.

"சரி" என்றார் அவர். "உங்க இஷ்டப்படி நல்லதா வாங்குங்க. அதுவும் கெட்டுப்போனா, சமையல்காரன் போகணும். சம்மதமா?"

ஒரு மனிதரின் வேலையையும் வீட்டையும் ஒரு ரொட்டி சுடுகிற பெட்டியின் தலையில் கட்டுவதா? ஆனால் அருணா-தி "சம்மதம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "கெடாத சாமானே கிடையாதுன்னு நீங்கதானே தீதி சொல்வீங்க?"

"கெடட்டும்" என்றார் அருணா-தி. "இந்தத் தடவை ஏன் கெட்டதுன்னு பாத்துடலாம்."

அன்றைக்கு சாந்தினிக்குப் போய் வந்தபோது நான் பஸ்ஸில் தூங்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் நானே கவிழ்த்துப் பார்த்தேன், நானே ரொட்டியை நுழைத்துப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு டோஸ்டர். மொத்தையான தகரப் பெட்டி, அடியில் நான்கு சாதாரணத் திருகு, அகலமான வாய், முழுசாக வெளியே வருகிற தட்டு. கூடவே ஒரு மைக்கா தகடும் வாங்கிக்கொண்டோம். ஹரிபத-தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. டோஸ்டரை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்து, அதற்கு ஒரு துணி உறை தைக்கச் சொல்லி மனைவியிடம் அளவு சொன்னார்.

கோடை முழுவதும் அது ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் பிறந்தது, அதையும் பாதி தாண்டியது. பூஜைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை சங்கரலிங்கம் சாரே எங்கள் அறைக்கு வந்து, "டோஸ்டர் போச்சு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்கு சரியாக வந்த திருப்தி இருந்தது. அடுத்த வாரமே ஹரிபத-தாவைக் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்றார். எனக்கு அவர் சட்டைப்பையிலிருந்த பேனா இரண்டையும் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது.

"எறியறதுக்கு முன்னால திறந்து பாக்கணும். அது எங்க பிரிவோட முறை" என்றார் அருணா-தி. அப்படி ஒரு முறை எங்கள் பிரிவில் இருந்ததே இல்லை. அவர் அந்த நிமிஷம்தான் அதை உண்டாக்கினார்.

டோஸ்டரை ஆபீஸுக்கு வரவழைத்தோம். மேஜையில் செய்தித்தாளை விரித்து, டோஸ்டரைக் கவிழ்த்து, கைக்குட்டையிலிருந்து திருப்புளியை எடுத்து நான்கு திருகையும் கழற்றினார் அருணா-தி. மேல் கூடு தொப்பி மாதிரி கையோடு வந்தது. ஒரு பக்க மைக்காவில் சுற்றியிருந்த கம்பி கீழ் ஓரத்தில் அறுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அடித்தட்டு நல்ல சுத்தம். ஆனால் தட்டுக்கு எட்டாத இடுக்குகளில், கம்பியை ஒட்டி, மெல்லிசாக, கொப்புளம் கொப்புளமாகக் கருகின செதில்கள் சிக்கியிருந்தன. அருணா-தி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார்.

"ரொட்டி இப்படிக் கொப்புளிக்காது. ரொட்டித் துகள் மாவாப் போகும். இது என்ன, உடையுது?" என்று என்னிடம் நீட்டினார்.

நான் மோந்து பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. கருகினாலும் உளுந்து உளுந்துதான். கூடவே பெருங்காயம். லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் நான் மாதா மாதம் வாங்குகிற அதே வாசனை.

"தீதி, இது அப்பளம்" என்றேன்.

அருணா-தி கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாப்பட்? பாப்பட்டை எண்ணெயிலதானே பொரிப்பாங்க. டோஸ்டர்ல எந்தப் பைத்தியம் போடும்?"

"எங்க ஆளுங்க போடுவாங்க தீதி" என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை அதுதான். எங்களுக்குச் சுட்ட அப்பளம் என்று ஒன்று உண்டு. தணல் கிடைத்தால் தணலில், காஸ் அடுப்பு கிடைத்தால் அதில் சுடுவோம். இரண்டும் இல்லாத ஊரில் இஸ்திரிப் பெட்டியைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்க மாட்டோம். அப்பளத்தில் உப்பும் காரமும் சேர்ந்திருக்கும். கல்கத்தா மழைக்காலத்தில் அந்தச் செதில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கம்பியில் ஒட்டிக் கிடந்தால் கம்பி அரித்துப் போகாமல் என்ன செய்யும்?

கெஸ்ட் ஹவுஸில் நிரந்தரமாக இருந்த தமிழர் ஒரே ஒருவர். அவர் யாரென்று நாங்கள் இருவரும் வாய் விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அருணா-தி செதில்களையும் அறுந்த கம்பியையும் ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவருக்குத் தின்கிற ஆசை, அதற்கு இன்னொருவர் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய்க் கேட்டுவிடுவோம் என்றேன்.

"கேட்டா, ஹரிபததான் போட்டான்னு சொல்லுவார். கருகின பாப்பட்ல யார் பேரும் எழுதியிருக்காது" என்றார் அருணா-தி. "முதல்ல ரிப்பேர் பண்ணுவோம். ரிப்பேர் பண்ணினதை எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டுவோம். ரொட்டி போட்டுக் காட்டுவோம். அப்புறம் நீ பாப்பட் போடு. 'இதைப் போட்டதாலதான் கம்பி போச்சு, கெஸ்ட் ஹவுஸ்ல இதைத் தின்கிறது யாரு'ன்னு நான் பொதுவாக் கேட்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டு அறையில் ஒரு கமிட்டியாகக் கூடினோம். ஒரு பக்கம் சங்கரலிங்கம் சார். அவருக்குப் பக்கத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து தாஸ் பாபு. எந்தக் கமிட்டியிலும் டீக்காகவும் தூங்குவதற்காகவும் ஓர் உறுப்பினர் வேண்டும், எங்கள் கமிட்டியில் அது அவர். எதிரில் அருணா-தியும் நானும். சுவரோரமாக ஹரிபத-தா நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தன் சாமான்களைக் கட்டவேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்காமல் டோஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது மைக்கா போட்டிருந்தோம். தடியாக வெட்டின ரொட்டி இரண்டு துண்டு உள்ளே போயிற்று, பொன்னிறமாக வெளியே குதித்தது. தாஸ் பாபு விழித்துக்கொண்டு வெண்ணெய் கேட்டார்.

"இன்னிக்கு ஓடும்" என்றார் சங்கரலிங்கம் சார், வழக்கமான இங்கிலீஷில். "திரும்ப இவன் கையில ஒரு மாசம் இருந்தா? என் முடிவுல மாற்றம் இல்லை."

அருணா-தி என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து அப்பளக் கட்டை எடுத்தேன். அந்த மனிதர் நினைத்தால் என்னையும் வேறு ஊருக்கு மாற்ற முடியும். மேல் அப்பளத்தை எடுத்து முழுசாக டோஸ்டரின் வாயில் செருகினேன். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கைப்பிடியை அமுக்கினேன், கொக்கி பூட்டிக்கொண்டது. உள்ளே இருந்த பாகம் சடசடவென்று கொப்புளித்து ஒரு பக்கமாக வளைந்து கம்பியைத் தொடப் போனது. வெளியே இருந்த பாகம் பச்சையாகவே இருந்தது. மெல்லப் புகை கிளம்பியது.

அருணா-தி கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தார்.

அதற்குள் சங்கரலிங்கம் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் அப்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

"என்னம்மா இது! முழுசாவா போடுவாக? பாதியா ஒடிச்சுல்லா போடணும்!"

அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அது. மேஜையைச் சுற்றி ஓடி வந்து கொக்கியைத் தட்டி அப்பளத்தை வெளியே எடுத்தார். "பூட்ட விடவே கூடாது. கையாலயே அமுக்கிப் பிடிச்சுக்கிடணும். வளைஞ்ச பக்கம் கீழே, நேர் பக்கம் மேலே, அப்பத்தான் எடுக்க வரும். வாசனை வந்தவுடனே தூக்கிரணும்" என்றபடியே ஒரு புது அப்பளத்தைச் சரிபாதியாக ஒடித்து, இரண்டு வாயிலும் பாதி பாதியாக விட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து மோந்தார். பிறகு தூக்கினார். இரண்டு பாதியும் ஒரு கருப்புப் புள்ளி இல்லாமல், நிலா வெள்ளையில் வந்தன. என் ஆயுசில் அவ்வளவு நன்றாகச் சுட்ட அப்பளத்தைப் பார்த்ததில்லை.

கைக்கு ஒரு பாதியாக வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

தாஸ் பாபுவுக்கு மட்டும் ஒன்றும் புரியாததால் அவர் மரியாதையாகக் கேட்டார். "ஸார், தினமும் இப்படித்தான் செய்வீங்களா?"

"அக்கேஷனலி" என்றார் சங்கரலிங்கம் சார்.

அருணா-தி பையிலிருந்து காகித மடிப்பை எடுத்து மேஜையில் பிரித்தார். கருகின செதில்கள், அறுந்த கம்பி. அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சங்கரலிங்கம் சார் அதைக் குனிந்து பார்த்தார். அவர் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"இந்த ஊர்ல ராத்திரி ஒரு வாய் தயிர்ச் சோறுதாம்மா எறங்குது" என்றார் என்னிடம், மெதுவாக. "தொட்டுக்க ஒண்ணும் இல்ல. அடுப்படியைப் பூட்டிருதாக."

"பூட்டச் சொன்னது நீங்கதான் சார்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. மாற்றினால் மாற்றட்டும் என்று இருந்துவிட்டேன்.

அவர் ஹரிபத-தாவின் பக்கம் திரும்பி, "நீங்க அவர்ட்ட சொல்லிருங்கம்மா" என்றார். "நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் வார்த்தை தேடினார். பிறகு, தமிழ்நாட்டு அதிகாரிகளுக்கென்றே இருக்கிற இந்தியில், "கல்தி ஹமாரா" என்றார். தப்பு என்னுடையது. அந்த இலக்கணத்தை எந்த இந்தி வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் அதை நேராக நின்று, ஹரிபத-தாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். கையிலிருந்த ஒரு பாதி அப்பளத்தையும் நீட்டினார். ஹரிபத-தா அதை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தின்றார்.

கான்ட்ராக்ட் அன்றைக்கே புதுப்பிக்கப்பட்டது. சங்கரலிங்கம் சாரின் அறைக்கென்று ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கினோம், முறைப்படி மூன்று கடையில் விலை கேட்டு, அடியைத் திருப்பிப் பார்த்து. அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போகும் வரை என்னோடு தமிழில்தான் பேசினார். அந்தத் தகரப் பெட்டி டோஸ்டரோ, இரண்டு தரம் மைக்கா, ஒரு தரம் வயர், ஒரு தரம் ஸ்பிரிங் என்று மாற்றி மாற்றி, அருணா-தி ஓய்வு பெற்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு நான் சமையலறைக்குள் போனேன். ஹரிபத-தா டீ போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததே, அதைத் தினமும் துடைத்தது யார்?

"ஹரிபத-தா, அவர் அப்பளம் சுடறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன தீதி. தினம் காலையில நான்தானே தட்டை எடுத்துக் கொட்டறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க? உங்களையும் உங்க சம்சாரத்தையும் தெருவுல நிறுத்தப் பாத்தாரே. முதல்லயே எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவர் டீயை வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"பெரிய ஆபீஸர் மேல நான் போய்ச் சொல்லியிருந்தா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லியிருப்பார், தீதி. சொல்லாம இருந்தா, டோஸ்டர் ஓடற வரைக்கும் நாங்களும் இங்கே இருக்கலாமே. அதான் தினமும் துடைச்சேன்."

நான் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். நாங்கள் வாங்கிக் கொடுத்தது ரொட்டி சுடுகிற பெட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.